உன் படத்தில் இருக்கும் என் முதுகு

போன செவ்வாய்க்கிழமை என் சினிமா வகுப்பு தொடங்கும்போது ஒரு மாணவி தன் செல்போனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "மேம், இது நம்ம காஞ்சிபுரத்துல எடுத்த படமாம் மேம். நைன்ட்டீஸ்ல. யாரோ நெட்ல ஏத்தி வெச்சிருக்காங்க. பாத்திருக்கீங்களா?"

கையகலத் திரையில் ஒரு சின்ன அறை. ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். முகம் தெரியவில்லை. அந்த முதுகு என்னுடையது.

நான் அதிர்ச்சியடைந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் செய்தது வேறு. படத்தைப் பெரிய திரையில் போடச் சொல்லி, மீதி நாற்பது நிமிடமும் அதை வைத்தே பாடம் நடத்தினேன். கேமரா ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஒன்பது நிமிடம் வெட்டே இல்லாமல் போவதால் பார்க்கிறவருக்கு என்ன ஆகிறது, அடுத்த அறையின் சத்தத்தை இந்த அறையின் படத்தோடு சேர்த்தால் என்ன பொருள் வருகிறது. நன்றாகத்தான் நடத்தினேன். கடைசியில் ஒருவன் கேட்டான். "மேம், அந்தப் பொண்ணு பின்னாடி உக்காந்து பேசுறாங்களே, அந்த அம்மா யாரு? ஆக்ட்ரஸா?"

"ஆமா. நாடகத்துல நடிச்சிக்கினு இருந்தவங்க" என்றேன்.

நீ சொல்ல மறுத்த பொய் அது. எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. செத்தவர்களுக்கு எழுதும் கடிதத்தில் நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பார்கள். உனக்கு அப்படி எழுதினால் நீயே கிழித்துப் போடுவாய். "அழகா இருக்குறத எல்லாம் மொதல்ல வெட்டிடணும் கோமதி" என்று சொன்னவன் நீ.

உன் தங்கை எஸ்தர்தான் என்னை உன் வீட்டுக்கு முதலில் கூட்டிவந்தாள். ஏனாத்தூர் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சந்தில் மூன்று அறை ஓட்டு வீடு. அப்பா இல்லை. முன்னறையில் உன் அம்மாவின் தையல் மிஷின். பட்டு எடுக்க வரும் கல்யாண வீட்டுக்காரர்கள் ஜாக்கெட்டுத் துணியோடு நேராக அங்கேதான் வருவார்கள். உன் அம்மா அளவு எடுத்தால் மறு அளவு பார்க்க வேண்டியதில்லை என்று ஊரில் பேர். அந்த மிஷின் ஓட்டித்தான் எஸ்தரைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் அவள்.

நீ கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாய். முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமைகளில் பஸ் ஏறி மெட்ராஸ் போய், சின்னச் சின்ன அரங்குகளில் வெளிநாட்டுப் படம் பார்த்துவிட்டு வருவாய். மறுநாள் சர்ச் முடிந்ததும் அந்தப் படங்களை எனக்கும் எஸ்தருக்கும் சொல்வாய். கதையைச் சொல்ல மாட்டாய். ஒரு படத்தில் பேசியவர்கள் எழுந்து போன பிறகும் கேமரா அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்ததாம். இன்னொன்றில் அடுத்த காட்சியின் சத்தம் இந்தக் காட்சியிலேயே கேட்கத் தொடங்கிவிட்டதாம். வேறொன்றில், அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு நேராக நம்மைப் பார்த்தாளாம். உன்னையே கையும் களவுமாகப் பிடித்தது போல இருந்ததாம்.

"அப்போ கத இன்னாண்ணா?" என்பாள் எஸ்தர்.

"கத சொல்றவன் பொய் சொல்றவன். வெட்டாம பாத்துக்கினே இருக்கிறவன் எவனோ, அவன்தான் நெசம்."

ஒரு விடுமுறை நாளில் மூன்று பேரும் சைக்கிளில் திருப்பருத்திக்குன்றம் போனோம். சமணர் கோயில் மண்டபத்தில் தரையில் மல்லாந்து படுத்து, கூரையில் வரைந்திருந்த ஓவியத்தைப் பார்க்கச் சொன்னாய். ஒரே வரிசையில் ஒரே ஆள் நாலு தடவை வருகிறான். பிறக்கிறான், நடக்கிறான், உட்காருகிறான், போகிறான். நடுவில் கோடு இல்லை. "இதுல வெட்டு எங்க இருக்குது காட்டு?" என்றாய். எஸ்தர் படுத்தபடியே அந்த நாலு பேரைப் போலவும் மாறி மாறி முகத்தை வைத்துக் காட்டினாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்ட வரும். நம் மூவரில் நிஜமாகவே திறமை இருந்தவள் அவள் ஒருத்திதான். உனக்கும் அது தெரியும்.

எஸ்தர் கல்லூரிப் பஸ் ஓட்டுநர் ஒருவரை விரும்பினாள். அவள் கடிதங்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. அதையே அவள் சாக்காக வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்குவது போல நடித்து, டாக்டரிடம் போகிறோம் என்று என்னோடு கிளம்பி, அவரைப் பார்த்துவிட்டு வருவாள். கல்லூரிக் கழிவறையில் கண்ணாடி முன்னால் நின்று அவள் அந்த இழுப்பை ஒத்திகை பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் விசில் சத்தம் வரணும்டி" என்று திருத்தியவள் நான். உனக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

ஒருநாள் உன் அம்மா பஸ் நிலையத்தில் அவர்களைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து எஸ்தர் கல்லூரிக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "அவளுக்கு ஒடம்பு சரியில்ல. நீ போம்மா" என்றார்கள். போய்விட்டேன். நீ மெட்ராசில் ஏதோ படவிழா என்று ஒரு வாரமாக இல்லை. மூன்றாம் நாள் எஸ்தர் இறந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. தூக்கத்திலேயே இழுப்பு வந்து போய்விட்டாள் என்றார்கள். நீ வந்து சேர்ந்தபோது பெட்டியில் வைத்திருந்தார்கள். உன் தோள்பையில் படவிழாக் கையேடு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை நின்றுவிட்டது.

பதினாலு மாதம் எஸ்தரின் உள்ளறை பூட்டியே கிடந்தது. அப்புறம் நீ படம் எடுக்கப் போவதாகச் சொன்னாய். அம்மா தைப்பதைப் பற்றிய படம் என்று அவர்களிடம் சொன்னாய். என்னிடம், எஸ்தர் இல்லாத வீட்டைப் பற்றிய படம் என்றாய். மூன்று வாரம் கல்யாண கேமராவை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் கிடந்தாய். மிஷின், நூல்கண்டு, சுவரில் மாட்டியிருந்த ஏசு படம், அம்மாவின் கால்கள். உன் அம்மாவுக்கும் கேமரா பழகிப்போயிற்று. "என் காலப் போயி படம் புடிச்சிக்கினு இருக்கான்மா இவன்" என்று என்னிடம் சிரித்தார்கள். எஸ்தர் போன பிறகு அவர்கள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது வார முடிவில், எடுத்ததையெல்லாம் பார்த்துவிட்டு, "செத்த படம் இது" என்றாய். "எல்லாம் சரியா இருக்குது. ஒண்ணுமே நடக்கல." இரண்டு நாள் கழித்து என் கல்லூரி வாசலில் வந்து நின்றாய்.

"ஒரு ஷாட்டுக்கு வரியா? நடிக்க வேணாம். சும்மா உக்காந்தா போதும்."

என்ன செய்யப் போகிறோம் என்பதை அப்போதே முழுவதும் சொன்னாய். நீ ஏமாற்றினாய், எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. உன்மேல் எனக்கு அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. முதலில் உன்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். பிறகு எப்படியும் கூப்பிடுவதில்லை. நீ என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன். அதைவிட, உன் படத்தில் நான் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது.

உன் அம்மாவை நூல் வாங்கக் கடைக்கு அனுப்பினாய். பிற்பகல் மூன்று மணி. உள்ளறைப் பூட்டைத் திறந்தாய். எஸ்தரின் பச்சைச் சுடிதார், உன் அம்மா தைத்தது, எனக்குத் தோளில் கொஞ்சம் பிடித்தது. எஸ்தர் தடவும் தேங்காயெண்ணெயைத் தடவி, அவளைப் போலவே தளர்வாகப் பின்னிக்கொண்டேன். பீரோமேல் பெட்டிகளுக்கு நடுவே கேமராவை ஓடவிட்டு, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய ஒரு துண்டால் மூடினாய். "நான் சொல்ற வரைக்கும் திரும்பாத" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். ஜன்னல் தாழ்வானது. அதற்கு வெளியே சந்தில், சுவரை ஒட்டிக் குந்தி உட்கார்ந்தாய். அறைக்குள்ளிருந்து பார்த்தால் நீ தெரிய மாட்டாய். கட்டிலில் இருந்த நான் குனிந்தால் மட்டும் உன் முகம் தெரியும்.

உன் அம்மா வந்தார்கள். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. திறந்திருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"வந்துட்டியா கண்ணு?"

அவ்வளவு மெதுவாக. ஒரு ஆச்சரியமும் இல்லாமல். பதினாலு மாதமும் எந்த நேரமும் எதிர்பார்த்திருந்தது போல. எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தார்கள். என் பின்னலைக் கையில் எடுத்தார்கள்.

"எவ்ளோ நேரமா உக்காந்துக்கினு இருக்குற? சாப்டியா?"

இந்த இடத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும். நீ எழுந்து நின்றிருக்க வேண்டும். நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே.

உன் அம்மா பேசத் தொடங்கினார்கள். அந்த ஒன்பது நிமிடத்தை இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனாலும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதைப் படமாகக் கேட்டாய். ஒருமுறையாவது உன் அம்மா சொன்னதாகக் கேள்.

"உள்ள வெச்சிப் பூட்டுன கதவ நீ தட்டுன இல்ல. எனக்குக் கேட்டுச்சிமா. ராத்திரி தூக்கத்துல போயிட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். பட்டப்பகல்ல தட்டுன. போன வாட்டி மாரி நடிக்கிறன்னு நெனச்சேன். மிஷின வேகமா மிதிச்சேன். நீ தட்டத் தட்ட நானும் மிதிச்சேன். மூணு ஜாக்கெட்டு தெச்சி முடிச்சேன். அப்பால சத்தம் நின்னுச்சி. சரி, அடங்கிட்டான்னு சொல்லி நாலாவது ஜாக்கெட்ட எடுத்தேன்."

குனிந்தேன். உன்னைப் பார்த்தேன்.

"மாத்தர உன் பையில இருந்துச்சி. பைய நான்தான் புடுங்கி வெளிய மாட்டி வெச்சேன். அதுல லெட்டரு இருக்கும்னு. ஏசப்பா மேல ஆண, மாத்தர இருக்குறது ஞாபகமே வரலம்மா."

உன் தங்கை எப்படிச் செத்தாள் என்று அந்த நிமிடத்தில்தான் உனக்குத் தெரிந்தது. உன் முகம் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். சோற்றை விழுங்க முடியாமல் அடைத்துக்கொண்டவன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது. எழுந்து வரப் போகிறாய் என்று நினைத்தேன். நான் குனிந்து பார்ப்பதை நீ பார்த்தாய். உடனே உன் விரல் உதட்டுக்குப் போயிற்று. ஷ்ஷ்.

அந்த விரலை நான் எத்தனை வருடம் வெறுத்தேன் தெரியுமா?

"என்ன மன்னிச்சிட்டியா கண்ணு?" என்றார்கள் உன் அம்மா.

நான் தலையாட்டினேன்.

நீ அதைச் சொல்லித் தரவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள் கையில் இருந்த என் பின்னல் இரண்டு முறை மேலும் கீழும் அசைந்தது. அந்தக் கை நின்றது. பின்னலை விட்டது. அவர்கள் எழுந்து முன்னறைக்குப் போனார்கள். மிஷின் ஓடத் தொடங்கியது. ஒரே வேகத்தில், நிற்காமல். படத்தின் கடைசி நிமிடத்தில் கேட்கும் சத்தம் அதுதான். நீ பிறகு சேர்த்தது இல்லை.

நீ பின்வாசல் வழியாக உள்ளே வந்து கேமராவை இறக்கினாய். கையோடு அதைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாய். உன் அம்மா துணி இல்லாத மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்த்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள், உனக்குப் பின்னால் பச்சைச் சுடிதாரில் நின்ற என்னைப் பார்த்தார்கள்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேம்மா."

"மொச்சக்கொட்ட கொழம்பு இருக்குது. ரெண்டு பேரும் சாப்டுங்க."

நாம் சாப்பிட்டோம். அதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. தட்டு வைத்து, சோறு போட்டு, உன் அம்மா பரிமாற, இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் துணி மாற்றிக்கொண்டு வந்ததும் அவர்கள் அந்தச் சுடிதாரை வாங்கி, தோளில் விட்டிருந்த தையலைப் பார்த்து, "இழுத்துட்டியே" என்று சொல்லி மடித்துவைத்தார்கள்.

வெளியே கை கழுவும்போது நீ என்னிடம் கிசுகிசுத்தாய். "தலையாட்டினியே, எப்படித் தோணிச்சி உனக்கு? பிரமாதம்."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது விரல் கூசுகிறது. ஆனாலும் உண்மை அதுதான். உன் தங்கை கதவைத் தட்டித் தட்டிச் செத்த கதையைக் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள், நீ பாராட்டியதற்காக நான் சந்தோஷப்பட்டேன்.

"இத யாருக்கும் காட்டாத" என்று மட்டும் சொன்னேன். "எங்க அம்மா மேல சத்தியம்" என்றாய்.

மூன்று மாதத்தில் மெட்ராசில் காட்டினாய். ஒரு சிற்றிதழ் உன் படத்துக்கு மூன்று பக்கம் ஒதுக்கியது. கதையை உடைத்தெறிந்த படம் என்றார்கள். சத்தத்தை ஒரு பாத்திரமாக்கிய முதல் தமிழ்ப் படம் என்றார்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் ஆளே இல்லாத வீடு, மிஷின் சத்தம், இருட்டுத் திரை. பிறகு வெட்டே இல்லாத அந்த ஒன்பது நிமிடம். படத்துக்கு நீ பெயர்கூட வைக்கவில்லை. பெயரும் ஒரு கதைதான் என்று பேட்டி கொடுத்தாய். நியாயமாகச் சொல்கிறேன்: அது நல்ல படம். இத்தனை வருடம் படம் பார்த்து, படம் கற்றுக்கொடுத்தும், அந்த ஒன்பது நிமிடத்தைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை. மோசமான படமாக இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம்.

பிறகு நம் ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில், திரைப்படக் கழகத்தின் சார்பில். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். விளக்கு அணைவதற்குச் சற்று முன் உன் பக்கத்து வீட்டு லில்லி அக்கா உள்ளே வந்தார்கள். கூடவே உன் அம்மா. மகன் எடுத்த படத்தில் தைக்கிற அம்மா வருகிறாள் என்று கேள்விப்பட்டு, சர்ச்சிலிருந்து நேராகக் கூட்டிவந்துவிட்டார்கள். இரண்டாவது வரிசையில், சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையில், பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்துவிட்டாய். நிறுத்தலாம் என்றுதான் நினைத்தாய், இல்லையா? படம் காட்டும் மிஷின் பழுது என்று ஒரு வார்த்தை போதும். நீ விளக்கை அணைக்கச் சொன்னாய்.

படம் முடிந்தது. உன் அம்மா அசையவில்லை. திரைப்படக் கழகச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், மைக்கைப் பிடித்தார்.

"எல்லாத்தையும் விடுங்க. அந்த அம்மாவோட நடிப்பு இருக்குதே, உலகத் தரம். எங்க புடிச்சீங்க அவங்கள?"

நான் ஏசுவிடம் வேண்டினேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனாலும் வேண்டினேன். ஆமாம், நடிப்பு என்று மட்டும் சொல்லிவிடு. நாடக நடிகை, எங்க அம்மா மாதிரியே இருப்பாங்க என்று சொல். எங்க அம்மாதான், ஆனா நான் எழுதிக் கொடுத்த வசனம் என்றாவது சொல். பக்கத்தில் லில்லி அக்கா உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பொய் சொன்னால் உன் அம்மா அந்தத் தெருவில் வாழ்ந்துவிடலாம்.

நீ மைக்கை வாங்கினாய்.

"நடிப்பு இல்ல சார். அவங்க எங்க அம்மா. தோ, அங்க உக்காந்துக்கினு இருக்காங்க. அவங்க சொன்னதெல்லாம் நெசம்."

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். இத்தனை பேர் தன்னைத் திரும்பிப் பார்த்துத் தட்டும்போது என்ன செய்வது என்று உன் அம்மாவுக்குத் தெரியவில்லை. பைபிளை இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து, எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்கள். லில்லி அக்கா மட்டும் தட்டவில்லை. தன் புடவையை இழுத்துக்கொண்டு ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்கள்.

மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கொடுத்த ஜாக்கெட்டுத் துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பெற்ற பெண்ணைச் சாகவிட்டுத் தைத்த கையால் தைத்ததைக் கல்யாணத்துக்கு எப்படிப் போடுவது? சர்ச்சில் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. தெருப் பிள்ளைகள் கதவைத் தடதடவென்று தட்டிவிட்டு ஓடினார்கள். அதுதான் அவர்களைத் துரத்தியது. ஆறே மாதத்தில் வீட்டைக் காலி செய்து, ஓரிக்கைப் பக்கம் ஒரு ஒற்றை அறைக்குப் போனார்கள். மிஷினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். ஒரு மில் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனார்கள்.

நீ இதையெல்லாம் பார்க்கவில்லை. மெட்ராசில் இருந்தாய். அடுத்த படத்துக்கு ஆள் தேடினாய். எல்லோரும் உன் முதல் படத்தைப் பற்றியே பேசினார்கள், இரண்டாவதைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியில் டிவி சீரியலுக்கு எடிட்டராகப் போனாய். மாமியார் திரும்புவதை மூன்று முறை வெட்டி வெட்டிக் காட்டும் வேலை. வெட்டவே கூடாது என்று சொன்னவனுக்கு இருபது வருடம் அதுதான் சோறு போட்டது. சோற்றைவிட அதிகமாகக் குடிக்கப் போட்டது. இதை எழுதும்போது எனக்கு ஒரு அற்பத் திருப்தி வருகிறது. மறைக்கவில்லை.

உன் ஈரல் போய்விட்டது என்று தெரிந்து, கூட இருந்தவர்கள் உன்னைக் கொண்டுவந்து இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனார்கள். என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாய். நான் வந்தேன். வயிறு ஊதி, கண் மஞ்சளாகிக் கிடந்தாய். "அம்மாவ வரச் சொல்றியா?" என்றாய். அவர்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். சொன்னேன். ஒன்றும் கேட்காமல், கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு, ஒரு தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார்கள்.

பத்தொன்பது நாள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், பத்தொன்பது நாளும் உனக்குப் பீ மூத்திரம் அள்ளினார்கள். துடைத்தார்கள், திருப்பிப் படுக்கவைத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள். நர்சுகள் எல்லாம், தாயின்னா இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, பிற்பகல், நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். நீ வாயிலிருந்த கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டாய்.

"என்ன மன்னிச்சிட்டியாம்மா?"

உன் அம்மா கரண்டியைக் கிண்ணத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

"இல்லப்பா. வாயத் தொற."

நீ வாயைத் திறந்தாய். ஊட்டினார்கள். மிச்சக் கஞ்சி முழுவதையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அதற்குப் பிறகு நீ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எஸ்தரை வைத்த அதே கல்லறைத் தோட்டத்தில் உன்னையும் வைத்தோம். பத்துப் பேர்கூட இல்லை. எல்லாம் முடிந்து, உன் அம்மாவை ஷேர் ஆட்டோவில் அவர்கள் அறைக்குக் கூட்டிப்போனேன். டீ போட்டுக் கொடுத்தேன். எதிரெதிரே தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் அழவில்லை. நான் அழத் தொடங்கினேன், ஆனால் அது உனக்காக இல்லை.

"அம்மா, அன்னைக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது" என்றேன். இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. "அவன் சொல்லலம்மா. நானாதான் ஆட்டினேன். நீங்க அவளேன்னு நம்பிக்கினு கேட்டீங்க. நான் ஏமாத்திட்டேன்."

உன் அம்மா டீயைக் கீழே வைத்தார்கள். அவர்கள் குரலில் கோபமே இல்லை.

"ஏமாத்தலமா. அது வரைக்கும்தான் நம்பிக்கினு இருந்தேன். நீ தலையாட்டுன பாரு, அப்பதான் அது அவ இல்லன்னு தெரிஞ்சிது." என் முகத்தை நேராகப் பார்த்தார்கள். "அவளா இருந்தா தலையாட்டியிருக்கவே மாட்டா."

பிறகு டீயை எடுத்துக் குடித்தார்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். சில நாள் அவர்கள் பேசிக்கொண்டே எழுந்து, எனக்குப் பின்னால் இருக்கும் அலமாரிக்குப் போவார்கள். நான் உடனே, முதுகைக் காட்டாமல், உட்கார்ந்தபடியே அவர்கள் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்களுக்கும் அது தெரியும்.